வெள்ளைக்குள் இருந்த நீலத்தைக் கண்டு சொன்னவருக்கு

முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் நிறம் பார்க்கும் அறையின் நீங்காத கண்ணாக இருந்தவரே! நீலத்துக்குள் ஒளிந்த நூலளவு பச்சையையும் நிறுத்தி விசாரித்தவரே! சிவப்பில் சேர்ந்த சிறு பழுப்பையும் சாம்பலில் சாய்ந்த ஊதாவையும் சாயத் தொட்டியின் ஆவி அடங்கும் முன்பே சொன்னவரே! பல்லாயிரம் துணிகளுக்குத் தீர்ப்பு எழுதியவரே! அவற்றுள் தவறிய தீர்ப்புகளைத் தாமே தேடிப் பிடித்துத் தம் கையாலேயே திருத்தியவரே! அன்பினால் பாதியும் அச்சத்தினால் மீதியுமாக நாங்கள் ஜட்ஜம்மா என்று அழைத்துப் பழகிய எங்கள் மூத்த நிறப் பரிசோதகரே! இன்று பணி நிறைவு பெறும் உங்களுக்கு, உங்களோடு அந்தச் சாம்பல் நிற அறையில் நின்றவர்கள் எழுதும் மடல் இது.

இங்கே அமர்ந்திருக்கும் உங்கள் உறவினர் பலர் எங்கள் அறையைப் பார்த்ததில்லை. பார்த்தாலும் வியக்க அங்கே ஒன்றுமில்லை. உலகத்து நிறங்களெல்லாம் வந்து போகும் அந்த அறைக்கென்று ஒரு நிறம் கிடையாது. சுவர் சாம்பல், மேசை சாம்பல், நாங்கள் அணியும் மேலங்கியும் சாம்பல். நகப்பூச்சு கூடாது, நிற வளையல் கூடாது. பக்கத்தில் ஒரு சிவப்பு நின்றால், கண் துணியில் இல்லாத பச்சையை இருப்பதாகச் சொல்லிவிடும். அதனால் பளிச்சென்ற புடவையில் வரும் அலுவலகப் பெண்களை வாசலிலேயே நிறுத்தி, "கல்யாணத்துக்குப் போறவங்க எல்லாம் வெளியே நின்னே பேசுங்க" என்பீர்கள். ஒருமுறை மேனேஜரின் சிவப்பு டையையே கழற்றிப் பைக்குள் வைக்கச் செய்தீர்கள். அவரும் மறுபேச்சில்லாமல் வைத்தார்!

அறையின் நடுவே முன்பக்கம் திறந்த ஒரு பெட்டி. அதற்குள் நான்கு விளக்குகள்: பகல் வெளிச்சம் போன்ற ஒன்று, கடைகளில் எரிவது போன்ற ஒன்று, வீடுகளில் எரியும் மஞ்சள் விளக்கு ஒன்று, எரிகிறதா அணைந்திருக்கிறதா என்றே சந்தேகம் வரும் புற ஊதா விளக்கு ஒன்று. சாயம் ஏறிய துணி விளக்குக்கு விளக்கு குணம் மாறும். பகலில் இரட்டைப் பிறவிகளாகத் தெரிந்த இரு துணிகள் கடை விளக்கின் கீழ் முன்பின் தெரியாதவர்கள்போல் விலகி நிற்கும். அந்தப் பெட்டிக்குள் வாடிக்கையாளர் கொடுத்த மாதிரித் துணியை இடப்பக்கமும் நாங்கள் சாயமிட்டதை வலப்பக்கமும் வைப்போம். நீங்கள் முதலில் அரை நிமிடம் சுவரைப் பார்த்து நிற்பீர்கள். கண்ணைக் கழுவுகிறேன் என்பீர்கள். பிறகு திரும்பி ஒரே ஒரு முறை பார்ப்பீர்கள். மூன்றே சொற்களில் ஒன்று வரும்: பாஸ், தள்ளுபடி, வாய்தா. வாய்தா என்றால் நாளை காலை மறுபடியும் கொண்டுவா என்று பொருள்.

"இது என்ன ஜட்ஜம்மா, லேபா கோர்ட்டா?" என்று எங்கள் சாய மாஸ்டர் ஒருநாள் பொறுமை இழந்து கேட்டார். அன்று அவருடைய மெரூன் நான்காவது முறையாகத் தள்ளுபடியாகி இருந்தது.

"கோர்ட்டுதான். நீங்க குற்றவாளி. துணி சாட்சி" என்றீர்கள்.

"அப்போ வக்கீல்?"

"டீ வாங்கிட்டு வர்றவங்க யாரோ, அவங்கதான் வக்கீல்."

அன்று முதல் உங்களுக்கு அந்தப் பெயர் நிலைத்தது. ஐந்தாவது மெரூன் பாஸானது. டீ வாங்கி வந்தவரும் சாய மாஸ்டரேதான்.

பணி நிறைவு மடல்களில் குறை எழுதும் வழக்கம் இல்லை. நாங்களும் முதலில் அப்படித்தான் ஒன்று எழுதினோம். வாசித்துப் பார்த்தபோது அதில் யார் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்போல் இருந்தது. பிறகு உங்களிடமே வந்து, அந்த வெள்ளைத் துணி விவகாரத்தை எழுதலாமா என்று கேட்டோம். "அதை எழுதலேன்னா வேற என்னத்தை எழுதுவீங்க?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைக் கழுவச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். ஆகவே எழுதுகிறோம்.

வெள்ளை என்று நாம் சொல்லும் துணி வெறும் வெள்ளையல்ல. வெளுத்த துணியில் இயல்பாகவே ஒரு மெல்லிய மஞ்சள் உண்டு. அதை மறைக்க ஒரு மருந்தில் நனைப்போம். அந்த மருந்து நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவைக் குடித்துவிட்டு, தெரிகிற நீலமாகத் திருப்பிக் கொடுக்கும். இல்லாததுபோல் இருக்கும் ஒளியை எடுத்து இருக்கும் ஒளியாக்கித் தருகிற மருந்து! அளவு மிஞ்சினால் வெள்ளை நீலமாகிவிடும். மிஞ்சியதா இல்லையா என்று சொல்வதுதான் எங்கள் வேலையில் மிகக் கடினமானது. ஏனென்றால் இரண்டையும் பார்ப்பவர்கள் இரண்டையும் வெள்ளை என்றே சொல்வார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மருத்துவமனைக் கட்டில் விரிப்புகளுக்கான வெள்ளைத் துணி வந்தது. நிறம் அளக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர், எதைக் கேட்டாலும் எண்ணிலேயே பதில் சொல்வதால் நாங்கள் மீட்டர் என்று அழைப்பவர், அன்று உங்கள் பக்கத்தில் நின்றார்.

"ஜட்ஜம்மா, மிஷின் நீலம் அதிகம்னு காட்டுது."

"மிஷினுக்கு வாயா இருக்கு? நீதானே சொல்றே."

"என் கண்ணுக்கும் அப்படித்தாங்க தெரியுது."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. முப்பத்திரண்டு வருஷமா இந்தக் கண்ணு பொய் சொன்னதில்லைம்மா."

சாய மாஸ்டர் இடையில் புகுந்தார். "மீட்டருக்கு யாரோ சூடு வச்சிருக்காங்க. ஆட்டோக்காரங்க வைப்பாங்களே, அந்த மாதிரி."

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் எங்கள் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு என்பதை இந்த இடத்தில் எழுதி வைக்கிறோம். மீட்டர் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளைக்கும் அதையே சொன்னார். அதற்கடுத்ததற்கும் சொன்னார். துணி அறையிலேயே தேங்கியது. லாரி வாசலில் நின்றது. ஏன் இந்தத் தாமதம் என்று மேனேஜர் உங்களைக் கேட்டார். இயந்திரத்தை நாள்தோறும் ஒரு வெள்ளைப் பீங்கான் வில்லையைக் காட்டிச் சரிசெய்ய வேண்டும். அந்த வில்லையை மீட்டர் ஒழுங்காகத் துடைப்பதில்லை போலும் என்று நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டீர்கள். மீட்டரைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். பதின்மூன்று வருடம் எண்களோடு வாழ்ந்தவர் அட்டைப்பெட்டிக்கு நாடா ஒட்டப் போனார். போகும்போது அந்தப் பீங்கான் வில்லையை ஒருமுறை துடைத்து, அதன் உறைக்குள் வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் காலத்தில் உங்கள் வீட்டுக்காரர் ஒரு காலில் கறுப்புக் காலுறையும் மறு காலில் கருநீலக் காலுறையும் அணிந்து வேலைக்குப் போனது எங்களுக்குத் தெரியாது. நீங்கள்தான் ஜோடி சேர்த்து வைத்தீர்களாம். "ஊருக்கெல்லாம் கலர் பார்த்துச் சொல்றவ பொண்டாட்டியா வாய்ச்சும் எனக்கு இந்தக் கதி" என்று அவர் அலுவலகத்தில் சொல்லிச் சிரித்தாராம். அவரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். உங்கள் கண்ணுக்குள் இருந்த வில்லை ஆண்டுக்கணக்காக மெல்ல மெல்ல மஞ்சளாகி, நீலத்தை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்திக்கொண்டிருந்தது. ஒரே நாளில் மஞ்சளாகி இருந்தால் நீங்கள் அலறியிருப்பீர்கள். ஒவ்வொரு நாளும் நேற்றைப்போலவே இருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை. எங்களை உறங்கவிடாமல் செய்தது இந்த ஓர் உண்மைதான், ஜட்ஜம்மா! தன் கண் மஞ்சளாவதைத் தன் கண்ணால் யார் பார்க்க முடியும்?

எழுத்து மங்குகிறது என்றுதான் மருத்துவரிடம் போனீர்கள். வலக்கண்ணில் புரை என்றார்கள். பழைய வில்லையை எடுத்துவிட்டுத் தெளிந்த புதிய வில்லையை வைத்தார்கள். உங்கள் மகள் எக்ஸ்ரே எடுக்கும் மருத்துவமனை அது; நம் வெள்ளைத் துணி விரிப்பாகிப் போனதும் அங்கேதான். மறுநாள் காலை கட்டைப் பிரித்தபோது என்ன நடந்தது என்பதை உங்கள் மகள்தான் எங்களுக்குச் சொன்னார்.

கண்ணைத் திறந்ததும் நீங்கள் மருத்துவரைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. வரிசையாகக் கிடந்த கட்டில்களைப் பார்த்தீர்கள்.

"இந்த விரிப்பு ஏன்டி நீலமா இருக்கு?"

"எதும்மா?"

"அந்த மூணாவது கட்டில். அப்புறம் அந்தக் கோடியில இருக்கிறது."

"ஓ, அதுவா? அது எப்பவுமே அப்படித்தாம்மா. இங்க எல்லாரும் நீலக் கட்டில், வெள்ளைக் கட்டில்னுதான் சொல்வோம். 'நீலக் கட்டில் பேஷன்ட்டை எக்ஸ்ரேக்கு அனுப்பு'ம்பாங்க."

நீங்கள் புதிய கண்ணைக் கையால் பொத்தினீர்கள். பழைய கண்ணுக்கு எல்லாக் கட்டிலும் ஒன்றே. கையை எடுத்தீர்கள். மூன்றாவது கட்டில் நீலம். மறுபடி பொத்தினீர்கள், மறுபடி எடுத்தீர்கள். பொத்துவதும் எடுப்பதுமாக அரை மணி நேரம்! வார்டிலிருந்தவர்கள் ஆபரேஷனில் ஏதோ கோளாறு என்று பயந்து நர்ஸை அழைத்துவிட்டார்களாம். "அம்மா அழுதாங்களா சிரிச்சாங்களான்னே எனக்குப் புரியலை. கண்ணுல தண்ணி படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அதனால அடக்கிக்கிட்டாங்க" என்றார் மகள்.

அடுத்த வாரம் நாங்கள் பழங்களோடு உங்கள் வீட்டுக்கு வந்தோம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தீர்கள். வலி என்று நினைத்தோம். பேசியதெல்லாம் வானொலி ஒலிபரப்புக் கோபுரத்தைப் பராமரிக்கும் உங்கள் வீட்டுக்காரர்தான். அன்று அவர் சொன்னதை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

"உங்க ஜட்ஜம்மாகிட்ட இத்தனை வருஷமா சொல்றேன், கேட்கவே மாட்டேங்கறா. ஒரு நீளத் தெரு இருக்குன்னு வச்சுக்குங்க. எழுபது எண்பது வீடு. ஒவ்வொரு வீடும் முந்தின வீட்டைவிட ரெண்டு மடங்கு வேகமாத் துடிக்குது. இந்தக் கோடி வீட்டுல நான் இருக்கேன். என் அலை ஒவ்வொண்ணும் ஒரு மைதானம் நீளம், சோம்பேறி. அந்தக் கோடிப் பக்கம் எங்க பொண்ணு இருக்கா. அவளோட அலை சதைக்குள்ள புகுந்து எலும்புல போய் நிக்கும். எல்லாம் ஒரே சாமான்தான். எல்லாம் ஒரே வேகத்துலதான் ஓடுது. துடிப்பு மட்டும்தான் வேற. இத்தனை பெரிய தெருவுல இவ கண்ணு பார்க்கிறது எத்தனை வீடு தெரியுமா? ஒண்ணு! அதுவும் முழு வீடு இல்லை. ஒண்டுக்குடித்தனம். ஒரு பக்கச் சுவர் சிவப்பு, மறு பக்கச் சுவர் ஊதா. அவ்வளவுதான்."

"எங்க வீட்டுல அப்பா காதால கேட்பாரு, நான் உள்ளே பார்ப்பேன், அம்மா மேலோட்டமாப் பார்ப்பாங்க" என்று மகள் உங்களைச் சீண்டினார். வேறு நாளாக இருந்தால் இருவருக்கும் சேர்த்து ஒரு தள்ளுபடி கிடைத்திருக்கும். 

உங்கள் வீட்டுக்காரர் டிவி ரிமோட்டை எடுத்தார். அதன் முனையில் இருக்கும் சின்னக் குமிழை எங்கள் முகத்துக்கு நேரே காட்டி, பொத்தானை அழுத்தினார். ஒன்றும் தெரியவில்லை. பிறகு செல்போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, அதற்கு முன் ரிமோட்டைப் பிடித்து மறுபடி அழுத்தினார். திரையில் அந்தக் குமிழ் மின்னியது! நாங்கள் குமிழைப் பார்த்தோம்: இருள். திரையைப் பார்த்தோம்: வெளிச்சம். சாய மாஸ்டர் ரிமோட்டை வாங்கி, நம்பாமல், பத்துத் தடவை அழுத்தினார். "இத்தனை வருஷமா இது என் கையிலயே எரிஞ்சிட்டிருந்திருக்கு, எனக்குத் தெரியாம" என்றார். அவர் குரல் தாழ்ந்துவிட்டது. வேடிக்கை பேசுகிறவர் அப்படித் தாழ்ந்து பேசி நாங்கள் கேட்டதில்லை.

"சிவப்புச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு அது. அகச்சிவப்பு. ஊதாச் சுவருக்கு அந்தப் பக்கம் உங்க பெட்டியில இருக்கிற புற ஊதா விளக்கு" என்றார் உங்கள் வீட்டுக்காரர். "நமக்கு ஏன் இந்த வீடு மட்டும் கிடைச்சதுன்னு கேளுங்க. தண்ணி தன் வழியா ஆழத்துக்கு விடுற வெளிச்சம் பெரும்பாலும் இதுதான். கண்ணுன்னு ஒண்ணு முதல்ல உண்டானது தண்ணிக்குள்ள. அங்க என்ன வந்து சேர்ந்ததோ, அதுக்குத்தான் கண்ணு பழகுச்சு."

வீடு திரும்பும் வழியில் பேருந்தில் நாங்கள் வெளியையே பார்த்துக்கொண்டு வந்தோம். ஜன்னலுக்கு வெளியே கட்டடங்கள், வயர்கள், மனிதர்கள். அத்தனையின் ஊடாகவும் நாங்கள் காணாத ஒளி போய்க்கொண்டிருந்தது. எங்கள் உடம்புகளின் ஊடாகவும் யாரோ பேசும் குரல்களைச் சுமந்த அலைகள் போய்க்கொண்டிருந்தன. உடம்பு ஒவ்வொன்றும் தன் சூட்டினாலேயே கண்ணுக்குத் தெரியாத ஓர் அகச்சிவப்பு வெளிச்சத்தில் மெல்ல எரிந்துகொண்டிருந்தது. இருட்டு என்று நாம் சொல்வது இருட்டல்ல, நமக்குத் தெரியாத வெளிச்சம் மட்டுமே என்ற எண்ணம் வந்தபோது, கோயிலுக்குள் நுழைவதுபோல் ஒரு தயக்கம் வந்தது. அந்தத் தயக்கம் இன்னும் போகவில்லை. ஆனால் அன்று அந்த நாற்காலியில் நீங்கள் எதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியாது. தெருவின் அத்தனை வீடுகளைப் பற்றியும் வியந்த நாங்கள், எதிரே இருந்த முகத்தை விசாரிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தீர்கள். வந்த முதல் காலையே இரண்டு ஆண்டு வெள்ளைத் துணி மாதிரிகளை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் பரப்பினீர்கள். எங்கள் எல்லோரையும் அழைத்தீர்கள். பேக்கிங்கிலிருந்து மீட்டரையும் அழைத்து வரச் சொன்னீர்கள். மேனேஜரும் வந்தார், டை இல்லாமல்.

"இதுல முக்கால்வாசி நீலம். மீட்டர் சொன்னது சரி. நான் எழுதிக்கொடுத்தது தப்பு. வில்லையில அழுக்கு இல்லை, என் கண்ணுலதான் இருந்துச்சு."



மேனேஜர் மெதுவாகச் சொன்னார்: "ஜட்ஜம்மா, ஏழு மாசத்துல ரிட்டயர் ஆகப்போறீங்க. யாரும் புகார் பண்ணலை. இப்ப எதுக்கு உங்க பேரை நீங்களே கெடுத்துக்கிறீங்க?"

"கட்டில்ல படுத்திருக்கிறவங்க புகார் பண்ண மாட்டாங்க சார். அவங்களுக்கு வேற கவலை இருக்கு."

எங்களுக்குள் அப்போது எழுந்தது மரியாதை என்று எழுதிவிடலாம். அது உண்மையல்ல. முதலில் எழுந்தது பயம். நீங்கள் தவறியிருக்கலாம் என்றால், உங்களை அளவாக வைத்து வாழ்ந்த எங்கள் கதி என்ன? எங்களில் ஒருவர் அன்றிரவு தன் தங்கையோடு ஏழு வருடமாகப் பேசாமல் இருப்பதை நினைத்துக்கொண்டார். ஒருவர் தன் மகனைச் சோம்பேறி என்று எழுதி மூடிய தீர்ப்பை நினைத்துக்கொண்டார். அதெல்லாம் இங்கே வேண்டாம்.

மீட்டர் உடனே திரும்பி வந்துவிடவில்லை. "பேக்கிங்லயே நல்லாத்தான் இருக்கேன். அங்க யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நீங்கள் மதிய இடைவேளையில் பேக்கிங் பகுதிக்குப் போனீர்கள். அட்டைப்பெட்டி அடுக்கின்மேல் அவருக்கு எதிரே உட்கார்ந்து உங்கள் டப்பாவைத் திறந்தீர்கள். அவர் எழுந்து வேறு பக்கம் போனார். மறுநாளும் போனீர்கள். நான்காம் நாள் அவர் எழுந்து போகவில்லை. சாப்பிட்டு முடித்து, டப்பாவை மூடிவிட்டு, உங்களை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"ஒண்ணு கேட்கிறேன். கண்ணு மாத்தினதால உங்களுக்குத் தெரிஞ்சுது. மாத்தலைன்னா?"

நீங்கள் சொன்ன பதிலைப் பேக்கிங் பெண்கள்தான் எங்களுக்குச் சொன்னார்கள்.

"மாத்தலைன்னா தெரிஞ்சிருக்காது. சாகிறவரைக்கும் நீதான் தப்புன்னு நினைச்சிருப்பேன். அதாம்மா பயமா இருக்கு."

"மன்னிச்சிட்டேன்னு சொல்லுவேன்னு எதிர்பார்க்காதீங்க."

"எதிர்பார்க்கலை."

"வர்றேன். ஆனா இனிமே நான் சொல்றதை நோட்டுல எழுதணும். நீங்க ஒத்துக்கிட்டாலும் சரி, ஒத்துக்கலைன்னாலும் சரி."

இப்படித்தான் மீட்டர் திரும்பி வந்தார். மேனேஜரின் மேசையில் நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த பழைய தாளின் மேலேயே 'இது தவறு' என்று எழுதி மறுபடி கையெழுத்திட்டீர்கள். மருத்துவமனைக்கும் நிறுவனத்தின் பெயரில் ஒரு கடிதம் போயிற்று.

அடுத்த மாதமே இடக்கண்ணையும் செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னார். நீங்கள் தள்ளிப்போட்டீர்கள். "இந்தக் கண்ணும் போயிட்டா, நான் எப்படித் தப்புப் பண்ணினேன்னு எனக்கே மறந்துபோயிடும்" என்றீர்கள். நான்கு மாதங்கள், வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம், மூன்று ஆண்டுத் துணி மாதிரிகளையும் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தீர்கள். ஒரு கண்ணைப் பொத்தி முன்பு கண்டதைக் கண்டீர்கள். மறு கண்ணைப் பொத்தி இப்போது காண்பதைக் கண்டீர்கள். ஒரே உடலில் இரண்டு ஜட்ஜம்மாக்கள், ஒரே துணிக்கு இரண்டு சாட்சிகள்! அறுநூற்றுப் பதினொரு துணிகளில் நாற்பத்து மூன்று தவறு. அந்த நாற்பத்து மூன்றின் ஓரத்திலும் பென்சிலால் எழுதினீர்கள்: "தள்ளுபடி. பிழை துணியுடையதல்ல." புற ஊதா விளக்கைப் போடும்போது, எங்களுக்கு மங்கலாகத் தெரியும் அந்த ஓரத்து ஊதா உங்கள் புதிய கண்ணுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரிவதாகச் சொன்னீர்கள். சிலருக்கு அப்படித் தெரியும் என்றாராம் மருத்துவர். "சுவர் ஒரு செங்கல் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கு" என்று சொல்லி நெடுநேரம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கண்ணுக்கு ஆகாது என்று மீட்டர்தான் வந்து அணைத்தார்.

நாற்பத்து மூன்றாவதை எழுதிய பிறகு இடக்கண்ணையும் செய்துகொண்டீர்கள். அதன்பின் அறையில் ஒரு விதி வந்தது. இனி எந்தத் துணிக்கும் ஒருவர் தீர்ப்பு இல்லை. இயந்திரம் பார்க்கும், இரண்டு பேர் பார்ப்பார்கள்; மூவரில் ஒருவர் சரியில்லை என்று சொன்னாலும் துணி வெளியே போகாது. ஆண்டுக்கொருமுறை அறையில் உள்ள அத்தனை கண்களுக்கும் பரிசோதனை உண்டு. மூப்பு பார்த்து விலக்கு இல்லை.

சென்ற வாரம் அந்த விதி உங்கள் முன்னாலேயே வந்து நின்றது. உங்கள் பணிக்காலத்தின் கடைசித் துணி, ஒரு வெளிர் சாம்பல். இயந்திரம் சரி என்றது. நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள், திரும்பினீர்கள், பாஸ் என்றீர்கள். நாங்கள் கைதட்டத் தயாராக இருந்தோம். சாய மாஸ்டர் இனிப்புப் பெட்டியை ஏற்கெனவே பிரித்துவிட்டார். மீட்டர் கடை விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தார்.

"லேசா பச்சை அடிக்குது."

"மிஷினே சரிங்குதேம்மா!" என்றார் சாய மாஸ்டர். "இன்னிக்குப் போயா? ஜட்ஜம்மாவோட கடைசித் துணிம்மா!"

"எனக்குத் தெரியுது. நான் என்ன பண்ண?"

நீங்கள் மறுபடி பெட்டியருகே போனீர்கள். பகல் விளக்கில் பார்த்தீர்கள், கடை விளக்கில் பார்த்தீர்கள், மஞ்சள் விளக்கில் பார்த்தீர்கள். துணியை எடுத்துக்கொண்டு ஜன்னலடியில் போய் நின்று பார்த்தீர்கள். இரண்டு கண்களும் இப்போது தெளிந்தவை. எங்கள் அறையிலேயே சிறந்த கண்கள் அவை என்று மருத்துவரே எழுதிக் கொடுத்திருந்தார். நாங்கள் எல்லோரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எனக்குத் தெரியலை" என்றீர்கள்.

பிறகு பேனாவை எடுத்தீர்கள். "எனக்குத் தெரியலைங்கிறதால அது அங்க இல்லைன்னு ஆயிடுமா?" என்று யாரிடமும் அல்லாமல் கேட்டுவிட்டு, உங்கள் கண்கள் சரி என்ற அந்தத் துணியின் சீட்டில், உங்கள் கையாலேயே தள்ளுபடி என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள். 

"போச்சுடா, ஜட்ஜம்மாவுக்கே தள்ளுபடி!" என்றார் சாய மாஸ்டர். யாருக்கும் சிரிப்பு வரவில்லை, அவருக்கும்தான்.  மீட்டர் இனிப்புப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, முதலில் உங்களிடம் நீட்டினார்.

அந்தச் சாம்பலில் பச்சை உண்டா இல்லையா என்பது இதை எழுதும் இந்நேரம்வரை எங்களுக்குத் தெரியாது. நாங்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தோம். சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை. துணி திரும்பவும் சாயத் தொட்டிக்குப் போய்விட்டது. கோடானுகோடி அலைகள் ஓடும் இந்த வெளியில், இரு சுவர்களுக்கு நடுவே கிடைத்த ஒரு சிறு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு உலகத்துக்கே தீர்ப்புச் சொல்கிறோமே என்ற திகைப்பு, முன்பு பேருந்தில் வந்ததைவிடப் பெரிதாக, அந்தச் சீட்டைப் பார்த்தபோது எங்களுக்கு வந்தது. தெருவின் நீளத்தை உங்கள் வீட்டுக்காரர் சொன்னார். அந்தத் தெருவில் ஒரு மனிதர் எப்படிக் குடியிருக்க வேண்டும் என்பதை அன்று உங்கள் கையெழுத்தில் கண்டோம்!

எங்கள் அன்புக்குரிய ஜட்ஜம்மா! இனி உங்கள் காலைகள் சாம்பல் சுவரில் தொடங்க வேண்டாம். கண் கேட்கும் நிறங்களையெல்லாம் உடுத்துங்கள். நகத்துக்கு ஒன்று, வளையலுக்கு ஒன்று என்று வாரி இறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரரின் காலுறைகள் ஜோடி சேரட்டும். நோயில்லாத உடலும் நிம்மதியான உறக்கமும் உங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கட்டும். புதிய கண்கள் பல்லாண்டு தெளிவாக இருக்கட்டும். அவையும் ஒருநாள் தவறலாம். அப்போது உங்கள் அருகில், "எனக்கு அப்படித் தெரியலையே" என்று பயமில்லாமல் சொல்ல ஓர் ஆள் இருக்கட்டும். எங்கள் அருகிலும் இருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
நிறம் பார்க்கும் அறை, சாயப் பிரிவு, பேக்கிங் பிரிவுப் பணியாளர்கள்

(மடலை எழுதியபின் இரண்டு பேர் படித்துப் பார்த்தோம். மூன்றாவதாக மீட்டரும் படித்து, சரி என்று கையெழுத்திட்டிருக்கிறார்.)